கொல்லையில் சூரிய விளக்கு – மங்கினால் தூக்கி எறிய வேண்டாம்!



மாட்டுக் கொட்டகை, கழிவறை, விறகு அடுக்கு எல்லாமே நமக்கு வீட்டின் பின்பக்கம்தான் இருக்கின்றன. இருட்டில் அங்கே போகும்போது பாம்பு கிடக்கிறதா, தேள் கிடக்கிறதா என்று தெரியாது. கரண்ட் போய்விட்டால் இன்னும் கஷ்டம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தன.

அதனால்தான் நம்மில் பலர் சூரிய விளக்கு வாங்கி நடுகிறோம். புதிதில் நன்றாக எரிகிறது. ஓரிரு வருடம் போனதும், "பொழுது சாய எரியுது, ஏழு மணிக்கெல்லாம் அணைஞ்சிடுது, லைட்டு அவ்வளவுதான்" என்று மூலையில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் கெட்டுப்போவது விளக்கு இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரிதான். சில சமயம் தூசி மட்டும்தான் காரணம்.

எப்படி எரிகிறது?

மேலே உள்ள கறுப்புத் தகடு வெயிலை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்க்கிறது. நம் குழு சேமிப்பு மாதிரிதான். பகலில் போட்டால்தான் ராத்திரி எடுக்க முடியும். தகட்டில் வெளிச்சம் குறைந்ததும் விளக்கு தானாகவே எரியும்.

எங்கே நடுவது?

* காலை 9 மணி, பகல் 12 மணி, மாலை 3 மணி என்று மூன்று தடவை போய் நிழலைப் பாருங்கள். ஒரு முருங்கைக் கிளையின் நிழல் தகட்டில் விழுந்தாலே சார்ஜ் வெகுவாகக் குறையும்.
* தகடு தனியாக ஒயரோடு வரும் விளக்கு என்றால், தகட்டைக் கூரையில் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்துக் கட்டலாம். விளக்கைக் கொட்டகைக்குள் மாட்டலாம்.
* தெருவிளக்கு வெளிச்சம் படும் இடம் வேண்டாம். பகல் என்று நினைத்து எரியாமலே இருந்துவிடும்.
* தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும். விளக்கின் தலையில் அடித்து இறக்காமல், கம்பியால் குழி போட்டு நடுங்கள்.
* பல விளக்குகளில் சுவிட்சைப் போட்டால்தான் சார்ஜ் ஏறும். முதலில் இரண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள்.

எப்படிப் பராமரிப்பது?

பதினைந்து நாளைக்கு ஒருமுறை தகட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். புழுதி பறக்கும் கோடையில் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். வெயில் ஏறும் முன்பே துடைத்துவிடுங்கள். சாம்பல், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மழைக்கு முன்னால் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விளக்கு சீக்கிரம் அணைவது பழுது இல்லை. அப்போது வெயில் குறைவு, அவ்வளவுதான்.

மங்கினால் என்ன செய்வது?

1. தகட்டைத் துடைத்து இரண்டு நாள் முழு வெயிலில் வையுங்கள்.
2. சரியாகவில்லை என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள்.
3. அதற்கும் எரியவில்லையா? பேட்டரியை மாற்றுங்கள். சின்ன விளக்குகளில் பெரும்பாலும் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்தான் இருக்கும். பழையதைக் கடையில் காட்டி அதே மாதிரி வாங்குங்கள்.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் சாதாரண செல்லைப் போடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அது கசியும், வெடிக்கவும் கூடும். பெரிய விளக்கில் லித்தியம் பேட்டரி இருந்தால் நாமே பிரிக்காமல் கடையில் கொடுத்து மாற்றுவோம்.

பழைய பேட்டரியை அடுப்பிலோ குப்பையிலோ போடாதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதனால் விற்ற கடையில் கேட்டுக் கொடுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது

"இதுல பேட்டரி மாத்த முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். திருகாணி போட்ட மூடி நல்லது. பசை போட்டு ஒட்டியிருந்தால் பேட்டரியோடு விளக்கும் போய்விடும். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குழுவில் கடன் எடுத்து வாங்கும் விளக்கு, தவணை முடியும் முன்பே மூலைக்குப் போகக் கூடாது அல்லவா?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டு மூலையில் கிடக்கும் விளக்கையும் கையோடு எடுத்து வாருங்கள். சேர்ந்து திறந்து பார்ப்போம். ஒரு செல் மாற்றினால் எரியக்கூடிய விளக்கு நம் வீட்டில் சும்மா கிடக்க வேண்டாம்!