குடற்செருகலும் கன்னப் புள்ளிகளும்

குடலின் ஒரு பகுதி தன்னை அடுத்த பகுதியின் உட்புழையில் நுழைந்து சிக்கும் நிலை குடற்செருகல் எனப்படும். சட்டைக்கையின் முனை உள்வாங்கி இழுபட்டாற்போல் நிகழும் இச்செருகலில் குடல்தாங்கியும் அதன் குருதிக் குழல்களும் உடன் இழுபடும். திரும்பும் குருதி முதலில் தேங்க, குடற்சுவர் வீங்கி, பின்னர் உள்வரும் குருதியும் நின்று இழையம் அழுகத் தொடங்கும்.

இது பெரும்பாலும் குழவிகளின் நோய். அவர்களிடம் வெளிப்படையான கரணியம் இன்றியே வரும். காற்றையோ நீர்மத்தையோ மலவாய்வழிச் செலுத்தியே பெரும்பாலும் விடுவிக்கலாம். வளர்ந்தோரிடம் நிகழ்வன ஏறத்தாழ 5 விழுக்காடே. ஆயினும் அவர்களிடம் செருகலை முன்னின்று இழுக்கும் கட்டியோ விழுதோ பெரும்பாலும் இருக்கும். குடலலைவு அதனை உணவென்றே கொண்டு முன்தள்ளும்.

அத்தகைய விழுதுகளை வழிவழியாகத் தருவது பியூட்சு-செகர்சு நோய். நெதர்லாந்து மருத்துவர் பியூட்சு 1921இல் ஒரு குடியினரிடம் இதனைக் கண்டு எழுதினார். அமெரிக்கரான செகர்சு 1949இல் உடன்பணியாளரோடு இதனை முழுமையாக வரையறுத்தார். அவர்கட்கு முன்பே, 1896இல், இலண்டன் மருத்துவர் அட்சின்சன் உதட்டுப் புள்ளிகள் கொண்ட இரட்டைப் பெண்களின் படத்தை வெளியிட்டிருந்தார். அவருள் ஒருத்தி 20 அகவையில் குடற்செருகலால் இறந்தாள். நோயின் பெயரில் அட்சின்சனுக்கு இடம் கிடைக்காமற் போனது முறையன்று என்பேன்.

உயிரணுப் பெருக்கத்தை அடக்கியாளும் மரபணு ஒன்று பழுதுறுவதே இந்நோயின் வேர். 19ஆம் நிறப்புரியில் உள்ள அம்மரபணு 1998இல் அறியப்பட்டது. பெற்றோருள் ஒருவர்க்கு இருப்பின் ஒவ்வொரு மகவுக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி.

நோயின் புறக்குறி கரும்பழுப்புப் புள்ளிகள். அவை உதட்டிலும், வாயைச் சுற்றியும், விரல் நுனியிலும் தோன்றும். பூப்புக்குப் பின் பல மங்கிவிடும். ஆனால் கன்னத்தின் உட்புறத்தில் உள்ளவை பெரும்பாலும் நிலைக்கும். ஆகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் இளைஞரின் உதடு தெளிவாக இருப்பினும், கன்னத்தை விலக்கி விளக்கொளியில் நோக்குதல் மருத்துவர் கடன். கணினி அடுக்குப்படத்தில் வளையத்துள் வளையமாகச் செருகல் புலப்படும்.

வளர்ந்தோரிடம் புற்றை ஐயுற்று, செருகிய குடலை வெட்டி நீக்குவதே பொதுவழக்கு. இந்நோயிலோ செருகலை இழுக்கும் விழுது பெரும்பாலும் புற்றன்று. குடல் உயிர்ப்போடு இருப்பின் செருகலை விடுவித்து, உள்நோக்கி கொண்டு எஞ்சிய விழுதுகளையும் களைவதே தக்கது. மீண்டும் மீண்டும் வெட்டினால் உணவை ஈர்க்கப் போதிய குடல் எஞ்சாது.

இந்நோயுள்ள குடியிற் பிறந்தோர் 8 அகவையிலேயே குடலாய்வைத் தொடங்குக. வயிறு முறுக்கி வலித்துக் கக்கலும் உண்டாயின், மருத்துவரிடம் முதலில் நோயின் பெயரைச் சொல்லுக.