அறிவுடை வேட்டுவன்: கற்பனை உயிரொன்றைப் படைக்கும் முறை

தோற்றுவாய்

பசித்த புலியின்மீது பழி சுமத்துவார் எவருமிலர். மானைக் கொன்றது புலியின் குற்றமன்று. அஃது அதன் இயல்பு. ஆனால், தான் கொல்லும் உயிர் அஞ்சுகிறது, தன் குட்டியை எண்ணிக் கதறுகிறது என்பதை முற்றும் உணர்ந்தும் கொல்லும் புலி ஒன்று இருக்குமாயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? விலங்கென்பதா, கொலைஞன் என்பதா? தத்துவ வகுப்பிற்கு உரியது போலத் தோன்றும் இவ்வினாவை, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக எழுப்பி வருகிறது. அவ்வாட்டத்திற்கென வேற்றுலகத்து அறிவுடை வேட்டை உயிர் ஒன்றைப் படைப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

1974ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அதனை ஆக்கியோர் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் ஆவர். பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களுள் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம் இதுவே என்பர்.

நால்வர் ஐவர் கூடி அமர்வர். அவருள் ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். உலகையும் அதன் மாந்தரையும் பகைவரையும் சொல்லால் கண்முன் நிறுத்துபவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவருடைய பாத்திரம் கதவைத் திறந்ததாகும். செயலின் விளைவு ஐயத்திற்குரியதாயின் இருபது முகங்கொண்ட பகடை அதனை முடிவு செய்யும். எழுதி வைத்த நாடகம் எதுவும் இல்லை. ஆடும்போதே நாடகம் உருவாகிறது. ஆதலின், நடத்துநர் முன்கூட்டிச் செய்யத்தக்க பணிகளுள் முதன்மையானது நல்ல பகைவனைப் படைத்து வைத்தலே.

வாளும் மந்திரமும் நிறைந்த இவ்வாட்டத்திற்கு வேற்றுலக உயிர்கள் புதியன அல்ல. மலைக்குள் புதைந்து கிடக்கும் விண்கலம் ஒன்றினுள் வீரர்கள் நுழையும் ஆட்டக்கதையைக் கைகாக்ஸ் 1976இல் ஆடவைத்து, 1980இல் நூலாக வெளியிட்டார்.

முன்னோடிகள்

அறிவுடை வேட்டுவன் என்னும் கருத்தைப் பரவச் செய்தவருள் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்சு குறிப்பிடத்தக்கவர். 1898இல் நூலாக வந்த அவர்தம் 'உலகங்களின் போர்' என்னும் புதினத்தில், செவ்வாய்க் கோளினர் மனிதரின் குருதியை உண்கின்றனர். அவர்களை வெறும் அரக்கராகக் காட்டுவதோடு வெல்சு நிறுத்தவில்லை. தாசுமேனியத் தீவின் மக்களை ஐரோப்பியர் அழித்த கொடுமையைத் தொடக்கத்திலேயே நினைவூட்டி, நாம் செய்யாததையா இவர்கள் செய்கின்றனர் என்று படிப்போரை எண்ண வைக்கிறார்.

1939 சூலையில் 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் பிக்சன்' இதழில் ஏ.இ. வான் வோக்ட் எழுதிய 'பிளாக் டெஸ்ட்ராயர்' என்னும் கதை வெளிவந்தது. பாழ்பட்ட கோள் ஒன்றில் பசியோடு திரிகிறது கோயர்ல் என்னும் கரிய பூனையுரு உயிர். அதன் தோள்களிலிருந்து நீண்ட உணர்கொம்புகள் கிளைக்கின்றன. அங்கு வந்திறங்கும் மனிதரிடம் அது சாதுவான விலங்குபோல் நடித்துக் கலத்தினுள் புகுகிறது. அதற்கு வேண்டியது இரையின் உடலிலுள்ள ஒரு பொருள் மட்டுமே. பசியும் அறிவும் ஒன்றாய்ப் பின்னிய இப்பாத்திரத்தின் தோற்றத்தை 1975இல் டன்ஜன்ஸ் ஆட்டம் தழுவிக்கொண்டது. தான் நிற்கும் இடத்திற்குச் சற்று விலகி நிற்பதுபோல் தோன்றும் ஆறுகால் விலங்காக அது மாறியது. உருவம் வந்தது; ஆனால் அப்பசியின் வரலாறு உடன் வரவில்லை. சூழ்ச்சி நிறைந்த உயிர், வெட்டி வீழ்த்தத்தக்க விலங்காகக் குறுகிவிட்டது.

அதே 1975இல் கைகாக்ஸ் படைத்த 'மைண்ட் ஃபிளேயர்' வேறு வகையினது. 'உள்ளத்தை உரிப்போன்' என்பது அப்பெயரின் பொருள். வாயைச் சுற்றி நான்கு நீள்கைகள். உணவோ பிற உயிர்களின் மூளை. நாவல் ஒன்றின் மேலட்டை ஓவியமே இதற்குத் தூண்டுகோல் என்று கைகாக்ஸ் கூறியுள்ளார். பின்வந்தோர் இதற்கு அடிமைகளையும் ஆட்சியையும் வீழ்ச்சியையும் வரலாறாகச் சேர்த்தனர். 2023இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி ஆட்டத்தின் கதையும் இவ்வுயிரைச் சுற்றியே அமைந்தது. முன்னது விலங்காய்க் குறுக, பின்னது வளர்ந்து நின்றதற்குக் காரணம், அதன் உணவே அதன் நாகரிகத்தை விளக்குவதாக அமைந்தமையே எனலாம்.

முதல், கரு, உரி

தமிழ் பயில்வோர்க்கு இங்கு ஓர் எளிய கருவி உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. அகப்பாடலுக்கு வகுத்த இம்முறையைக் கற்பனை உயிருக்கும் பொருத்திப் பார்க்கலாம். பல்லையும் நகத்தையும் முதலில் வரைந்துவிட்டுப் பின்னர் அதற்கொரு காட்டைத் தேடுவது பிழை. நிலத்திலிருந்து உணவு, உணவிலிருந்து உடல், உடலிலிருந்து ஒழுக்கம் என்பதே நேர்வழி.

அவ்வழியில் நாம் ஓர் உயிரைப் படைத்துப் பார்ப்போம். அதற்கு 'உவர்நாடி' எனப் பெயரிடுவோம்.

அதன் தாயகம் மங்கிய ஒளியும் உப்புச் செறிந்த கடலும் உடைய வேற்றுலகம். கலம் உடைந்து வீழ்ந்த இடமோ ஓயாது மழை பெய்யும் உயர்ந்த மலைநாடு. மழை மண்ணிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. உப்புக்காக உயிர்கள் படும் பாடு கற்பனையன்று. கென்ய நாட்டு எல்கான் மலையிலுள்ள குகை ஒன்றினுள் காட்டு யானைகள் இருளில் நுழைந்து, தந்தத்தால் சுவரைக் குத்திப் பெயர்த்து உப்பு உண்கின்றன. ஊன் உண்ணும் விலங்கிற்கோ இரையின் குருதியிலேயே உப்புக் கிடைத்துவிடுகிறது. மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் உப்புநீர் 0.9 விழுக்காடு உப்புடையதாய் இருப்பது, அது நம் குருதியின் செறிவோடு ஒத்துப் போகவேண்டும் என்பதற்காகவே. ஆகவே உப்பற்ற நாட்டில் உவர்நாடி வேட்டுவனாகிறது.

அடுத்து எண்ணிக்கை. உணவுச் சங்கிலியின் ஒரு படியிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேர்கிறது என்பது சூழலியலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. எனவே உச்சியில் உள்ள வேட்டுவர் சிலராகவே இருக்க முடியும். மலை ஒன்றுக்கு உவர்நாடி ஒன்று போதும். அறிவுக்கும் விலை உண்டு. மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலிலோ ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அறிவுடைய உயிர் மிகுதியும் பசிக்கும் உயிர். அதனால் அது வீண்போர் செய்யாது. காயமுற்ற வேட்டுவன் பட்டினியால் மடிவான் என்பதறிந்து, அடிபட்டவுடன் பின்வாங்கும். இறுதிமூச்சு வரை போரிடும் பகைவனைக் கண்டு பழகிய ஆட்டக்காரர்க்கு, ஓடி ஒளிந்து மறுநாள் திரும்பி வரும் பகைவனே பேரச்சம் தருவான்.

அறிவு வெளிப்படும் இடம்

அறிவு என்பதை ஆட்டநூல்கள் எண்ணால் குறிப்பிடும். ஆனால் எண் அச்சம் தருவதில்லை, செயலே தருகிறது. 1987 நவம்பரில் 'டிராகன்' இதழின் ஆசிரியவுரையில் ரோஜர் மூர், கோபால்டு என்னும் எளிய சிற்றுயிர்கள் குறித்து எழுதினார். வலிமை மிக்க வீரர் குழுவை அவை சுரங்க வழிகளாலும் நெருப்பாலும் மறைவிடத் தாக்குதலாலும் ஓட ஓட விரட்டிய நிகழ்ச்சி அது. ஆட்டக்காரர்கள் இன்றும் அதனைச் சொல்லி வியக்கின்றனர்.

இயற்கையிலும் சான்றுகள் உள. போர்சியா என்னும் சிறு சிலந்தி வேறு சிலந்தியின் வலையை மெல்ல அதிரச் செய்து, இரை சிக்கியதோ என்று அது ஏமாந்து வரவே கொன்று உண்கிறது. தென்துருவக் கடலில் ஓர்க்கா திமிங்கிலங்கள் அணிவகுத்து நீந்தி அலையெழுப்பி, மிதக்கும் பனிப்பாளத்தின் மேலிருக்கும் சீல்களை நீரில் தள்ளுகின்றன.

இவற்றிலிருந்து உவர்நாடிக்கு ஒரு சூழ்ச்சியைத் தருவோம். அதற்குக் கண்ணில்லை; நிலத்தின் அதிர்வையும் ஓசையையும் கொண்டே உலகை அறிகிறது. கொன்ற ஆட்டின் கழுத்துமணியைக் கழற்றி வைத்துக்கொள்கிறது. இருட்டியபின் பாறை மறைவில் அம்மணியை மெல்ல அசைக்கிறது. வழிதவறிய ஆடென்று எண்ணி இடையன் தேடி வருகிறான். இவ்வொரு செயலே அதன் அறிவை விளக்கப் போதுமானது.

எல்லையும் தடயமும்

நடத்துநர்க்கு இங்கோர் இடர் உண்டு. ஆட்டக்காரர் பேசிக்கொள்ளும் திட்டமெல்லாம் அவர் காதில் விழுகிறது. தாம் அறிந்ததை எல்லாம் பகைவனும் அறிந்ததாக ஆடினால் அஃது அறிவன்று, வஞ்சனை. ஆதலின் உயிர் அறிந்தவை, அறியாதவை என இரு பட்டியல்களை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். உவர்நாடி இடையரின் நடையையும் மணியோசையையும் அறியும், வில்லை அறியாது. முதல் அம்பு அதன்மேல் தைக்கும். மறுமுறை மரங்களை இடையில் வைத்தே அணுகும். கற்றுக்கொள்ளுதலே அறிவின் அடையாளம்.

குறைபாடும் வேண்டும். அருவியின் பேரிரைச்சலும் பெருமழையும் அதன் அதிர்வுணர்வைக் குலைத்துவிடும். அக்குறைபாட்டைக் கண்டறியத் தடயங்களும் வேண்டும். இறந்த ஆடுகளின் கழுத்தில் மணி இல்லை. மாண்ட இடையனின் உப்புப்பை கிழிந்திருக்கிறது. காசுப்பை அப்படியே உள்ளது. பெருமழை பெய்த இரவுகளில் எவரும் மாண்டதில்லை. இம்மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர்க்கு உண்மை புலப்படும். வெல்ல இயலாத பகைவனும் எளிதில் வெல்லத்தக்க பகைவனும் ஆட்டக்காரரின் சிந்தனைக்கு வேலை தருவதில்லை.

அறத்தின் வினா

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி வருவோம். இவ்வாட்டத்தின் பழைய நூல்கள் இனங்கள் பலவற்றைப் பிறப்பிலேயே தீயவை என்று குறித்தன. அக்குறிப்பு நடத்துநர்க்கு எளிமை தந்தது. ஆட்டக்காரரும் வினா எழுப்பாமல் கொன்றனர். இது முறையன்று என்னும் குரல் நெடுங்காலம் ஒலித்தது. 2020இல், ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே, ஒரு சில இனங்களை அவ்வாறு சித்திரித்தமை தவறு என ஏற்று, மாற்றிக்கொள்வதாக அறிவித்தது.

எண்ணிப் பார்த்தால் இது விளையாட்டுச் செய்தியன்று. ஓர் இனம் முழுவதையும் தீயதென எழுதிவிட்டால், அதனைக் கொல்வோர்க்குக் காரணம் தேவையில்லாமற் போகிறது. வரலாற்றில் இதனைச் செய்தோர் பலர். அதனால் அழிந்தோர் அவரினும் பலர். கற்பனைப் பகைவனை எழுதும் கைக்கும் இப்பொறுப்பு உண்டு.

ஆகவே உவர்நாடிக்கு ஒரு முற்கதை தருவோம். இடையர் தம் மந்தைக்கென மலைமேல் உப்புக்கல் வைப்பது வழக்கம். கலம் வீழ்ந்த முதலாண்டில் உவர்நாடி அக்கற்களை நக்கியே உயிர் வாழ்ந்தது. எவரையும் தீண்டவில்லை. இரவில் விசித்திர உருவம் ஒன்றைக் கண்டஞ்சிய இடையர் கற்களை அகற்றினர். அதன்பின் ஆடுகள் மாண்டன. பின்னர் ஓர் இடையன் மாண்டான். யாரும் தீங்கு நினைத்துத் தொடங்கவில்லை. எனினும் ஓர் உயிர் போயிற்று. அவன் வீட்டார் நீதி கேட்டு நிற்கின்றனர்.

இப்பொழுது ஆட்டக்காரர் முன் பல வழிகள் உள்ளன. அருவிக்கு ஈர்த்துச் சென்று கொல்லலாம். நாட்டை விட்டுத் துரத்தலாம். உப்பை மீண்டும் வைக்கலாம். உப்பு வைப்பது சமாதானமா, கொலைக்குத் தரும் கையூட்டா என்று அவர்களே தமக்குள் வாதிடுவர். அவ்வாதத்தில் நடத்துநர் எப்பக்கமும் சாயலாகாது.

நிறைவுரை

அறிவுடை வேட்டுவனைப் படைத்தல் என்பது, பசியையும் அறிவையும் எல்லையையும் தந்தபின், மாறுவதற்கு ஒரு வாய்ப்பையும் தருவதாகும். புலிக்கு அவ்வாய்ப்பில்லை, அதனாலேயே புலியின்மேல் பழியில்லை. அறிவு வந்தவுடன் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் உடன் வந்துவிடுகிறது. அது வேட்டுவனுக்கும் பொருந்தும். அவனை வேட்டையாட வருவோர்க்கும் பொருந்தும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. ஆட்டக்காரர் மலைமேல் உப்புக்கல்லை வைத்துவிட்டு வந்தால், மறுநாள் விடியலில் அவர்கள் காண்பது என்ன? நடத்துநர்க்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றே. அக்கல்லின்மேல் இறந்த ஆட்டின் மணியை வைத்துவிட்டு, அவர் வாய்திறவாது இருத்தல் நன்று. அஃது அச்சுறுத்தலா, வருத்தமா, நன்றியா என்பதை மேசையைச் சுற்றியிருப்போர் பேசி முடிவு செய்யட்டும்.