ஏற்றுமுன் கூலி அறிதல்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில் அமைந்தது அக்குறணை. வணிகத்திற் பேர்பெற்ற இவ்வூரிலே தமிழ் கற்பிக்கும் நாம், வணிகரிடத்துக் கற்ற பாடம் ஒன்றுண்டு. சரக்கை லொறியில் ஏற்றுமுன் கூலியைக் கேட்டறிதல் வேண்டும் என்பதே அது. ஏற்றிய பின் கேட்பவன், சொன்னதைக் கொடுக்க வேண்டியவனாவான்.

இப்பாடத்தை நம் மாணவன் ஒருவன் அண்மையில் மறந்தான். கணினித் தொழில் புரியும் அவனுக்கு, அயல்நாட்டு வேலையொன்றுக்கு ஊதியமாக 20 டொலர் பெறுமதியான கிரிப்டோ நாணயம் ஒரு பரிமாற்றகத்திலே வரவு வைக்கப்பட்டது. அதனைத் தன் சொந்த வாலட்டுக்கு மாற்றியபொழுது 5 டொலர் கழிந்து போயிற்று. “ஏன் சேர் இப்படி?” என வினவினான். இது தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவன்று. எனினும் வினாவை விலக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. அவனோடிருந்து அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

மீளப்பெறற் கட்டணம் பெரும்பாலும் தொகையின் வீதத்திற்கேற்ப அமைவதன்று. ஓர் அனுப்புகைக்கு இவ்வளவு என அறவிடப்படுவது. ஆதலின் 2,000 டொலர் அனுப்புவோனுக்கு 5 டொலர் நானூற்றிலொரு பங்கு. 20 டொலர் அனுப்புவோனுக்கோ நாலிலொரு பங்கு. ஏழைக்கே சுமை மிகுதி. மேலும், டெதர் என்னும் ஒரே நாணயம் எதீரியம், டிரோன் முதலிய பல வலையமைப்புகளிற் செல்லும். வழிக்கு வழி கூலி வேறுபடும். நெரிசலுக்கேற்ப மாறவுஞ் செய்யும்.

இக்கட்டணத்தை அறிதற்கு ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகம் உதவும். கடைமுகப்பில் எழுதிய விலைப்பலகையைப் பாராது, உள்ளிருக்கும் கணக்கப்பிள்ளைக்கே சீட்டனுப்பி விடைபெறுதல் போன்றது இது. பைனான்ஸ் என்னும் பரிமாற்றகத்தில் சந்தை விலையை எவரும் கேட்கலாம். மீளப்பெறற் கட்டணத்தைக் கேட்பதற்கோ கணக்குடையோர்க்குரிய சாவியும், நேரங் குறித்த மறைக்கையொப்பமும் வேண்டும். வரும் விடையில் ஒவ்வொரு வலையமைப்புக்கும் கட்டணம் எவ்வளவு, மீளப்பெறத்தக்க மிகக் குறைந்த தொகை யாது, மீளப்பெறல் இப்பொழுது திறந்துள்ளதா என்னும் மூன்றும் காணப்படும்.

மூன்றாவதை எளிதாக எண்ணற்க. 2024 யூலையில் இந்தியப் பரிமாற்றகமாகிய வசீரெக்ஸிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் களவாடப்பட்டன, மீளப்பெறல் நிறுத்தப்பட்டது. கதவு மூடிய பின் கூலி குறைவாயிருந்தும் பயனென்னை?

எச்சரிக்கைகள் இரண்டு. சாவியை ஆக்கும்போது வாசிக்கும் உரிமை மட்டும் கொடுக்க. கட்டணம் அறிதற்குப் பணமெடுக்கும் உரிமை வேண்டியதில்லை. அச்சாவியைப் பிறர்க்குக் காட்டவும் வேண்டா. இனி, குறைந்த கூலியுள்ள வழியாயினும், பெறுவோனின் வாலட் அதனை ஏற்குமா என அறிந்தே அனுப்புக; வழிமாறிய பணம் மீளாமலும் போகலாம்.

இந்நாணயங்களை வாங்குமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. இவற்றின் ஆபத்துப்பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. ஆயினும் உழைப்பின் கூலி இவ்வழியே வந்துசேரும் இளைஞர் உளர். அவர் கைப்பொருள் அறியாமையாற் கரையலாகாது என்பதே நம் கவலை.

அம்மாணவன் இப்பொழுது கேட்டறிந்த பின்னரே அனுப்புகின்றான். சிறு தொகைகளைச் சேர்த்து ஒருமுறையில் அனுப்பவும் பழகிவிட்டான். விழாக் காணும் நம் கல்லூரி நமக்குக் கற்பித்ததும், கேட்டறிந்து செய்யும் இப்பழக்கமேயன்றோ!