செயற்கைக்கோள் படங்களும் கணிப்பொறியின் தகுதியும்

செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் வேளாண்மை, வனம், நீர்ப்பாசனம் ஆகிய துறைகளின் களப் பணியாளர்க்கும் பூகோள ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்படுகின்றன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘புவன்’ தளம் இப்படங்களை யாவர்க்கும் எட்டச் செய்தது. ஆயினும், பெரிய படமொன்றைத் திறந்தவுடன் கணிப்பொறி செயலற்று நிற்பதும், உடனே புதிய பொறி கோரி விண்ணப்பம் எழுதப்படுவதும் பல அலுவலகங்களில் காணும் நிகழ்ச்சி. பொதுப் பணத்தைச் செலவிடுமுன், பொறியின் எப்பகுதி எதற்கு உதவுகிறது என்பதை அறிதல் நலம்.

படம் என்பது பிக்ஸல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளின் தொகுதியே. கோப்பு தட்டில் இருக்கும்போது சுருங்கியிருக்கும். திரையில் காட்டுவதற்கு அதனை நினைவகத்தில் விரித்தல் வேண்டும். 6,000 புள்ளி நீளமும் 4,000 புள்ளி அகலமும் உள்ள ஒரு வண்ணப் புகைப்படம், புள்ளிக்கு 3 பைட் வீதம், 72 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். தட்டில் அதன் அளவு இதில் ஒரு சிறு பங்கே இருக்கலாம்.

இனி, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படத்தை நோக்குவோம். அதன் ஒரு துண்டு, பக்கத்திற்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உள்ள சதுரம். நிலத்தில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக, பக்கத்திற்கு 10,980 புள்ளிகள்; மொத்தம் சுமார் 12 கோடி. புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு நிறத்திற்கு 241 மெகாபைட்டும், மூன்று நிறங்களுக்கு 723 மெகாபைட்டும் ஆகின்றன. 4 கிகாபைட் நினைவகமுள்ள பொறியில் இத்தகைய படங்கள் சிலவற்றை முழுமையாக விரித்தால் இடம் போதாது. அப்போது பொறி தட்டையே நினைவகம்போல் பயன்படுத்த முற்படுவதால் வேகம் குன்றுகிறது.

எனினும் பரிகாரம் உண்டு. சாதாரணத் திரையொன்றில் 1,920-க்கு 1,080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகளே உள்ளன. 12 கோடிப் புள்ளிகளையும் ஒருங்கே விரிப்பது வீண். ஆதலின் படத்தின் சிறு பிரதிகளைப் படிப்படியாக அமைத்து வைப்பர். இதற்குப் பிரமிட் முறை என்று பெயர். சில கோப்புகளில் இவை முன்னரே அடங்கியிருக்கும். இல்லையெனில் விலையின்றிக் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் கொண்டு உண்டாக்கலாம். விரித்த அளவில் இப்பிரதிகள் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தையே மிகுதியாகக் கொள்ளும். அதன்பின் பழைய பொறியும் பார்வைப் பணிக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும்.

பல நாட்களின் படங்களை ஒப்பிடுவோர்க்கு 8 கிகாபைட் நினைவகம் வேண்டும். 16 இருப்பின் நன்று. சுழலும் தட்டுக்குப் பதிலாகத் திண்மத் தட்டு அமைத்தால் கோப்புகள் பன்மடங்கு விரைவாகத் திறக்கும். சுருக்கிய படத்தை விரிப்பது செயலியின் வேலை. முப்பரிமாணக் காட்சி தேவையில்லாதார்க்குத் தனி வரைவு அட்டை அவசியமன்று.

ஓர் எச்சரிக்கை. வகுப்பில் காட்டுவதற்கு ஜெபெக் வடிவிலுள்ள சிறு பிரதி போதும். ஆனால் அவ்வடிவம் புள்ளிகளின் மதிப்பை மாற்றிவிடும். வறட்சியையோ பயிர்ச் சேதத்தையோ அளவிடுவோர் மூலக் கோப்பையே கையாளுதல் வேண்டும். மாறிய மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் உழவர்க்கு உரிய நிவாரணம் தவறிப்போகக் கூடும்.

எனவே முதலில் பிரமிட் அமைத்துப் பார்க்க. பின்னர் நினைவகத்தைப் பெருக்குக. அடுத்துத் தட்டை மாற்றுக. இவை மூன்றும் பயன்தராவிடில் மட்டுமே புதிய பொறியைக் கோருதல் தகும்.