படுத்தால் மூச்சு முட்டுகிறதா? உதரவிதானத்தையும் பாருங்கள்!

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம் வருகிறது. குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு முட்டுகிறது. இதயம்தான் என்று வீட்டார் பதறுகிறார்கள். எக்கோவில் குறை இல்லை. அடுத்து ஆஸ்துமா என்று இன்ஹேலர். ஃப்ரெனிக் நரம்பைப் பற்றிய பேச்சு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. தவிர்க்கக்கூடிய இந்தத் தாமதம்தான் கவலை தருகிறது.

கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து கிளம்பும் இந்த நரம்பு, வலமும் இடமுமாக இதய உறையை ஒட்டி இறங்கி உதரவிதானத்தை இயக்குகிறது. அதனால்தான் இதய அறுவை சிகிச்சையில் அது மாட்டிக்கொள்கிறது. இதயத்தைக் குளிர்விக்கப் போடும் ஐஸ் துகள்கள் நரம்பைப் பாதிக்கலாம். ஒட்டுப்போட மார்பின் உள் தமனியைப் பிரித்தெடுக்கும்போதும் அடிபடலாம். கழுத்துக் காயம், மார்புக் கட்டிகள், நரம்பு அழற்சி, சிக்கலான பிரசவத்தில் குழந்தையின் கழுத்து இழுபடுவது ஆகியவையும் காரணங்கள். சிலருக்குக் காரணமே தெரியாது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக மருத்துவர்களே இந்த நரம்பை நசுக்கியதும் உண்டு.

ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தால் பலருக்கு எதுவும் தெரியாது. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்-ரேயில் உதரவிதானம் ஒருபுறம் ஏறி நிற்கும். இரு பக்கமும் போனால் படுக்கவே முடியாது. மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பாமல் உள்ளே போகும். கனவு வரும் உறக்கத்தில் மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட, உதரவிதானம் ஒன்றுதான் துணை. அதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. இவர்கள் தாமாகத் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து.

கண்டுபிடிப்பது கடினமில்லை. நுரையீரல் திறன் பரிசோதனையை உட்கார வைத்து ஒருமுறை, படுக்க வைத்து ஒருமுறை செய்தால் போதும், சந்தேகம் வலுக்கும். படுக்கையில் அளவு 30 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்தால் இரு பக்கமும் பலவீனம் என்று ஐயப்பட வேண்டும். உதரவிதானம் அசைகிறதா என்பதை அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம்.

பெரும்பாலான பாதிப்பு தானே சரியாகும், எல்லோருக்கும் சோதனை வேண்டாம் என்பாரும் உண்டு. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். மீள மாதக்கணக்கில், சமயத்தில் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் காத்திருப்பவருக்குத் தான் எதற்குக் காத்திருக்கிறோம் என்பதாவது தெரிய வேண்டாமா? அந்த நாட்களில் இரவில் முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியும், மூச்சுத் தசைப் பயிற்சியும் கைகொடுக்கும். மீளாவிட்டால், தொய்ந்த உதரவிதானத்தைப் புடவைக் கொசுவம்போல் மடித்துத் தைக்கலாம். கழுத்துத் தண்டுவடம் மேல்பகுதியில் அடிபட்டு, நரம்பு மட்டும் பிழைத்திருந்தால் அதைத் தூண்டும் பேஸ்மேக்கர் உண்டு.

படுத்தால் மூச்சு முட்டுவது இதயச் செயலிழப்பாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பார்க்கத்தான் வேண்டும். அது இல்லையென்று ஆனபின் விட்டுவிடாதீர்கள். “உதரவிதானம் அசைகிறதா, டாக்டர்?” என்று கேளுங்கள். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், “மல்லாந்து படுக்க முடிகிறதா?” என்று மருத்துவமனைகளும் கேட்கட்டும். அதற்குச் செலவே இல்லை.