இணையற்ற ஆக்சிஜன்

'இணையற்ற வீரன்' என்றால் நிகரில்லாதவன் என்று பொருள். வேதியியலில் 'இணையற்ற எலக்ட்ரான்' என்றாலோ ஜோடியில்லாமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான்; அவ்வளவுதான். ஆக்சிஜனுக்கு மட்டும் இந்த இரண்டு பொருளும் பொருந்திவிடுகின்றன! எப்படி?

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். எலக்ட்ரான்கள் உலவும் இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. அந்த இரண்டும் எதிரெதிர்த் தற்சுழற்சி உடையவையாக இருக்க வேண்டும். இது 1925-இல் பௌலி கண்ட விதியின் விளைவு. இப்படி ஜோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தன்மையை மற்றது ஈடுகட்டி அழித்துவிடும்.

இனி உங்கள் பாடநூலில் ஆக்சிஜன் மூலக்கூறின் புள்ளிப்படத்தைப் பாருங்கள். 1916-இல் லூயிஸ் என்ற அமெரிக்க அறிஞர் காட்டிய வழி அது. வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் 12. நடுவில் 4, ஓரங்களில் 8. எண்ணிப் பாருங்கள், அத்தனையும் ஜோடி! அப்படியானால் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கக் கூடாது.

ஆனால் இழுக்கிறதே! 1891-இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் திரவ ஆக்சிஜனை வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தார். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் அந்த வெளிர்நீலத் திரவம் துள்ளி எழுந்து முனைகளில் ஒட்டிக்கொண்டது; ஆவியாகித் தீரும்வரை விடவில்லை.

படம் பொய்யா? பொய்யில்லை, போதாது. 1929-இல் லெனார்டு-ஜோன்ஸ் விடை தந்தார். மூலக்கூறில் கடைசியாக இடம் தேடும் இரண்டு எலக்ட்ரான்களுக்குச் சம ஆற்றலுள்ள இரண்டு ஆர்பிட்டால்கள் காலியாக இருக்கின்றன. பஸ்ஸில் இருவர் அமரும் இருக்கைகள் இரண்டு காலியாக இருந்தால், அறிமுகமில்லாத இருவர் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு இருக்கையில் அமர்வார்கள். எலக்ட்ரான்களும் அப்படியே, தற்சுழற்சியும் ஒரே பக்கம். ஆகவே காந்தத்தன்மை அழியவில்லை.

இதனால் நமக்கு என்ன? காகிதம், மரம், நம் உடல் இவற்றின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடியாகவே உள்ளன. அவற்றுடன் இந்தத் தனியன்களின் தற்சுழற்சிக் கணக்கு ஒத்துப்போவதில்லை. ஆகவே சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜன் மிக மெதுவாகவே அவற்றைத் தாக்குகிறது. இந்தத் தடை இல்லாவிட்டால், இப்பத்திரிகை தீக்குச்சிக்குக் காத்திருக்குமா என்பது சந்தேகமே!

ஆற்றல் கொடுத்து அந்த இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டால்? சாது முரடனாகிவிடும். 'சிங்கிளெட் ஆக்சிஜன்' எனப்படும் இம்முரடனைச் சில புற்றுநோய்களுக்கு எதிராக மருத்துவர்கள் ஏவுகிறார்கள். ஒளியை உறிஞ்சும் மருந்தை முதலில் கொடுத்து, பிறகு கட்டியின்மீது ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் ஆக்சிஜன் ஜோடி சேர்ந்து, நோயுற்ற செல்களைத் தாக்கி அழிக்கிறது.