கட்டை போனால் என்ன, பெட்டி இருக்கிறதே!

பாடகர் மேடையேறியதும் காதில் விழும் முதல் கேள்வி, "எத்தனை கட்டை?" என்பதுதான். ஒரு கட்டை என்றால் 'சி', ஐந்து என்றால் 'ஜி', நாலரை என்றால் 'எஃப்'புக்கும் 'ஜி'க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணியதில் பிறந்த கணக்கு இது. ஆர்மோனியத்தை வாழ்நாளில் தொடாத பாடகரும் தன் குரலைக் கட்டையால்தான் அளக்கிறார்.

பேச்சில் இப்படி நிலைத்துவிட்ட கட்டை, மின்னணுக் கீபோர்டில் முதலில் பழுதாகும் உறுப்புகளில் ஒன்று. திருவிழாக் கச்சேரிக்காக வேனில் ஏறி இறங்கும்போது அடிபடுகிறது. பந்தல் தூசியும் கடற்காற்றின் ஈரமும் இடுக்குகளில் புகுகின்றன. பெருமழை வந்தால் கேட்கவே வேண்டாம். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் கட்டிலுக்கு அடியில் உறையோடு கிடக்கும் கீபோர்டு நனைந்தால், தண்ணீர் வடிந்த பிறகும் சேறு உள்ளேயே தங்கிவிடும். காயவைத்து இயக்கினால் விளக்கு எரியும், திரையில் எழுத்து வரும். கட்டையைத் தட்டினால் மட்டும் பாதி ஊமை.

அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பலகையில் 'டெமோ' என்ற பொத்தான் இருந்தால் அழுத்த வேண்டும். கருவி தானாக ஒரு பாட்டைத் தெளிவாக வாசித்தால், ஒலியை உண்டாக்கும் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு விரல் படும் இடத்தில்தான்.

காரணம் எளிது. வீணையில் தந்தியை மீட்டினால் அந்தத் தந்தியே ஒலிக்கிறது. கீபோர்டில் கட்டை ஒலிப்பதில்லை. அது வெறும் சுவிட்சு. கட்டைக்கு அடியில் கார்பன் பூசிய சிறு ரப்பர்க் குமிழ் இருக்கிறது. அழுத்தும்போது அது கீழேயுள்ள தடத்தைத் தொட்டு மின்சுற்றை இணைக்கும். 61 கட்டைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் உள்ளே காடு மாதிரி ஆகிவிடும். அதனால் 8 கிடைக்கோடு, 8 நெடுக்கோடு என்று கட்டம் போடுகிறார்கள். எட்டெட்டு 64, 16 கம்பியில் வேலை முடிந்தது, மூன்று இடம் மிச்சம்கூட. ஒரே ஒரு கட்டை ஊமையானால் அதன் கார்பனில் அழுக்கு என்று பொருள். எட்டுக் கட்டைகள் கூட்டாக ஊமையானால் ஒரு கோடே அறுந்திருக்கலாம். அழுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பல கட்டைகள் பிழைத்துக்கொள்ளும். ரப்பர் கிழிந்து, தடம் அரித்து, பழைய மாடலுக்கு உதிரிப் பாகமும் கிடைக்காதபோதுதான் அடுத்த யோசனை வருகிறது: கட்டைகளை மொத்தமாகக் கழற்றிவிட்டு, மிச்சத்தை ஒரு மேசைப் பெட்டியாக்கினால் என்ன?

இது நம் மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. காலால் மிதித்து வாசித்த ஐரோப்பிய ஆர்மோனியத்தின் காலைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் பெட்டியாக மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். அந்தப் பெட்டியிலிருந்து கட்டைகளையும் எடுத்துவிட்டு, ரீடுகளையும் துருத்தியையும் மட்டும் வைத்துக்கொண்டால் நம் சுருதிப் பெட்டி. 1979-இல் பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கியபோது துருத்தியும் போய், திருகும் குமிழ்களே மிஞ்சின.

கீபோர்டு நிறுவனங்களும் இதே வழியில் போனவைதான். யமாஹா 1983-இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 சிந்தசைசர் உலகெங்கும் விற்றது. இரண்டு ஆண்டுகளில் அதன் ஒலிப்பகுதியை மட்டும் மேசைப் பெட்டியில் அடைத்து, டீஎக்ஸ்7 (TX7) என்ற பெயரில் விற்றது. இதைச் சாத்தியமாக்கியது மிடி. 1983-இல் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட பொது மொழி அது. மிடிக் கம்பியில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற சேதிதான் போகிறது. நடு 'சி'யின் எண் 60. ஒரு சேதி போய்ச்சேர ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். பழுதான கருவியின் பின்புறம் ஐந்து துளையுள்ள வட்டச் செருகுவாயும் 'மிடி இன்' என்ற எழுத்தும் இருந்தால் அதிர்ஷ்டம்தான். வேறொரு சிறிய கீபோர்டை அதில் செருகினால் போதும். யுஎஸ்பி மட்டும் இருந்தால் நடுவில் ஒரு கைப்பேசியோ கணினியோ தேவைப்படும். இரண்டும் இல்லையென்றால், அந்த 16 கம்பிகளில் வேண்டியதை எடுத்து, அழுத்து பொத்தான்களோடு பற்றவைக்க வேண்டும்.

வேலையில் இறங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது அடாப்டர். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் முள்ளின் நடுவே எதிர்மின், யமாஹாவில் நேர்மின். மாற்றிச் செருகினால் அதுவரை உயிரோடு இருந்த மூளையும் போய்விடும். திறக்கும்போது ஒவ்வொரு பட்டைக் கம்பியையும் கழற்றும் முன் படம் எடுத்து வைத்தால், பூட்டும்போது திண்டாட வேண்டாம்.

பலரின் மண்டையைக் காயவைப்பது சுருதி வளைக்கும் சக்கரம். கட்டைகளோடு அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டு இயக்கினால், கருவி குடித்தவர் பாடுவது போல ஏறி இறங்கும். சக்கரத்திலிருந்து வரவேண்டிய நடு மின்னழுத்தம் வராமல், எதை நம்புவது என்று தெரியாமல் அது தடுமாறுகிறது. ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்களைச் சக்கரத்துக்கு வந்த மின்கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் நடுவே தொடராக இணைத்து, அவை சேரும் புள்ளியைச் சக்கரத்தின் சேதிக் கம்பியில் கொடுத்தால் சுருதி நேராக நிற்கும். சில ரூபாய்ச் சாமான். உள்ளூர்க் கடையில் கிடைக்காதது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அடுத்தது உடம்பு. 61 கட்டைக் கீபோர்டு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். கட்டைகள் போனபின் உள்ளே இருப்பதெல்லாம் இரண்டு மூன்று பலகைகள், ஒரு திரை, ஸ்பீக்கர். பூஜைத் தாம்பாளம் அளவு இடத்தில் அடங்கிவிடும். தச்சரிடம் மரப்பெட்டி செய்யச் சொல்லும்போது, சூடு வெளியேற அடியில் துளைகள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. உள்பக்கம் செம்புத் தகடு ஒட்டி, தரைக்கம்பியோடு இணைத்தால் இரைச்சலும் குறையும்.

மயிலமும் திண்டிவனமும் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இத்தகைய கைவேலை அந்நியமில்லை. வானூர்ப் பக்கம் ஆரோவில்லில், 2003-இல் தொடங்கிய 'ஸ்வரம்' பட்டறையில் சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள் மரத்திலும் உலோகத்திலும் புதுப்புது இசைக்கருவிகளைச் செய்கிறார்கள். இதே வட்டாரத்துத் தெருக்கூத்தில் பெட்டி என்றாலே ஆர்மோனியம்தான்.

அந்தக் கூத்து மேடையில் மேசைப் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பவருக்குக் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கீபோர்டுகள் பொதுவாக நடு 'ஏ'வை விநாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துப் பிறந்தவை. ஊர்ப் பெட்டியின் ரீடு அந்த எண்ணைப் பார்த்து வருவதில்லை. கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கும் ஊதுகருவியான முகவீணையில் திருப்ப ஒரு குமிழும் கிடையாது. அதனால் மேசைப் பெட்டிக்காரர் 'டியூன்' பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, முகவீணைக்காரர் தலையசைக்கும் வரை சுருதியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.